இளம் விளையாட்டு வீரர்களுக்கான இதயப் பரிசோதனை

போட்டி விளையாட்டில் இறங்கும் சிறுவர் சிறுமியரையும் இளைஞர்களையும் முன்கூட்டியே சோதித்து, வெளியே தெரியாத இதயக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் மருத்துவ நடைமுறை இது. நோய் வரலாறு கேட்பதும் உடலைச் சோதிப்பதும் எல்லா நாடுகளிலும் இதன் அடிப்படை. பல நாடுகளில் ஈ.சி.ஜி.யும் சேர்கிறது. சந்தேகம் எழுந்தால் எக்கோ, டிரெட்மில், எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை என்று தொடரும். மருத்துவ வழக்கில் இளம் வீரர் என்பதற்கு எல்லை 35 வயது. அதைத் தாண்டியவர்கள் ஓடும்போது விழுந்தால் காரணம் பெரும்பாலும் கரோனரி ரத்தக்குழாய் அடைப்பு. அதற்குக் கீழே பரம்பரையாக வரும் தசை நோய், இதயத்தின் மின்னோட்டக் கோளாறு, பிறவியிலேயே தடம் மாறிய ரத்தக்குழாய் ஆகியவை முன்னிற்கின்றன.

இவ்வகை மரணம் அரிது. அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் 2003 முதல் 2013 வரை எடுத்த கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 54,000 பேரில் ஒருவர். இங்கிலாந்துக் கால்பந்துப் பயிற்சியகங்களில் சோதிக்கப்பட்ட பதின்வயதினரில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேரில் ஒருவர். பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். எண்ணிக்கை சிறிதானாலும் இறப்பவர்கள் முந்தைய நாள்வரை ஓடியாடியவர்கள். அவர்களில் பலரிடம் இருந்த கோளாறு உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கக்கூடியது. பரிசோதனை பற்றிய அரை நூற்றாண்டு விவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் சுற்றி வருகிறது.

மறைந்திருக்கும் நோய்கள்

ஆரோக்கியமான இதயத்தை ஓட்டமோ நீச்சலோ நிறுத்திவிடுவதில்லை. ஏற்கெனவே குறையுள்ள இதயத்தில் அட்ரினலின் பெருக்கும், வியர்வையால் நீரும் உப்பும் இறங்குவதும் சேரும்போது மின்னோட்டம் தறிகெட்டுப் போகிறது. கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. மூளைக்கு ரத்தம் போவது நின்று, சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. ரத்தக்குழாய் அடைத்து நெஞ்சுவலியோடு வரும் மாரடைப்பிலிருந்து இது வேறானது.

காரணங்களில் அதிகம் பேசப்படுவது ஹைபர்டிரோபிக் கார்டியோமயோபதி எனப்படும் இதயத்தசைத் தடிப்பு நோய். மக்கள்தொகையில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது 1995இல் அமெரிக்காவில் வந்த மதிப்பீடு. கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியான் ஃபோ 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின் 72ஆவது நிமிடத்தில், யாரும் அருகில் இல்லாதபோது மைதானத்தின் நடுவில் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இந்த நோய்.

இந்த நோய்க்கும் தெற்காசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதயத்தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை 2009இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அதில் முக்கியப் பங்கு வகித்தனர். இந்த மாற்றம் உள்ளவர்கள் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலோர் இளமையில் நலமாகவே இருப்பார்கள். அதனால் இதை வைத்து எந்தப் பிள்ளையின் விளையாட்டையும் நிறுத்த முடியாது. ஆனால், நம் மக்களின் இதயங்களை ஐரோப்பிய, அமெரிக்க அட்டவணைகளை மட்டும் வைத்து அளந்தால் போதாது என்பதற்கு இது வலுவான சான்று.

வலது கீழறையின் தசை சிறிது சிறிதாகக் கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறும் நோய் இன்னொன்று. இதில் கடும் பயிற்சியே நோயை வேகமாக வளர்த்துவிடுகிறது. 2007 ஆகஸ்டில் இறந்த செவிய்யா அணியின் அந்தோனியோ புவெர்தாவுக்கு இருந்தது இதுதான். மின்னோட்டக் கோளாறுகளில் நீண்ட க்யூ-டி நோய், புருகாடா நோய், உல்ஃப்-பார்க்கின்சன்-வொய்ட் நோய் ஆகியவை ஈ.சி.ஜி.யில் தடம் காட்டலாம். கரோனரி தமனி தவறான இடத்திலிருந்து கிளம்பும் பிறவிக் கோளாறு ஈ.சி.ஜி.யில் பெரும்பாலும் தெரியாது. ஓடும்போது வரும் மயக்கமோ நெஞ்சுவலியோதான் துப்பு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத்தசையில் ஏற்படும் அழற்சி எந்தப் பரிசோதனைக்கும் மறுநாளே வரக்கூடும். அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் பயிற்சி கூடாது என்பது மருத்துவர்கள் நெடுங்காலம் கடைப்பிடித்துவந்த விதி.

முழு ஆரோக்கியமான இதயமும் நிற்கக்கூடிய ஒரு சூழல் உண்டு. பந்தோ முழங்கையோ நெஞ்சின் இடப்பக்கம், இதயத்துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடித்துணுக்கில் தாக்கினால் அந்த அடியே மின்னோட்டத்தைக் குலைத்துவிடும். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டமார் ஹாம்லின் களத்தில் சரிந்தது இப்படித்தான். அங்கேயே உயிர்ப்பிக்கப்பட்டு, அதே ஆண்டு மீண்டும் ஆட வந்தார். இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது.

பயிற்சியால் மாறும் இதயம்

பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெரிதாக இருப்பதை சுவீடன் மருத்துவர் சாலமன் ஹென்ஷன் 1899இலேயே விரலால் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக் கண்டார். நீண்ட பயிற்சியால் அறைகள் விரிகின்றன, சுவர் சற்றுத் தடிக்கிறது, ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 60க்கும் கீழே இறங்குகிறது. இவை நோயல்ல. சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. இத்தாலியின் உயர்நிலை வீரர்கள் 947 பேரின் இதயத்தை எக்கோவில் அளந்து 1991இல் வெளிவந்த ஆய்வில், 16 பேருக்கு மட்டுமே இடக் கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. ஒருவருக்கும் 16ஐத் தாண்டவில்லை. 13க்கும் 15க்கும் இடைப்பட்ட அளவு பயிற்சியாலும் வரலாம், நோயாலும் வரலாம். அறை விரிந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா, சில மாதம் பயிற்சியை நிறுத்தினால் சுவர் மெலிகிறதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சில மாதங்கள் தேர்வுப் போட்டி நடக்கும் மாதங்களாக இருந்துவிட்டால், காத்திருப்பது எத்தனை கடினம் என்பது பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் தெரியும். அதற்காக அவசரப்பட்டுச் சான்று எழுதிக் கொடுப்பது சரியாகாது.

இத்தாலியின் சட்டம்

இந்தத் துறையில் எல்லா விவாதமும் இத்தாலியில் தொடங்குகிறது. அங்கே 1971இல் விளையாட்டு வீரர்களின் உடல்நலப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. 1982இல் வந்த ஆணை, போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் ஈ.சி.ஜி. உட்பட மருத்துவப் பரிசோதனை செய்து தகுதிச் சான்று பெறுவதைக் கட்டாயமாக்கியது. சான்று இல்லாதவர் உள்ளூர்ச் சங்கப் போட்டியில்கூட ஆட முடியாது. சான்று வழங்குவது விளையாட்டு மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர். பரிசோதனையை மறுபடி மறுபடி செய்துகொள்ள வேண்டும்.

நாட்டின் வடகிழக்கில் வெனிஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட வெனெட்டோ மாநிலத்தில், பதுவா பல்கலைக்கழகத்தின் கெய்த்தானோ தியெனே தலைமையிலான நோயியலாளர்கள் 1979 முதலே இளம் வயதில் திடீரென இறந்தவர்களின் இதயங்களைத் திரட்டி ஆராய்ந்து வந்தனர். வலது கீழறைத் தசை நோயை இளையோர் மரணத்தின் முக்கியக் காரணமாக உலகம் கவனித்தது, 1988இல் இக்குழு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான். தொடர்ந்து தொமெனிக்கோ கொராதோவும் சக ஆய்வாளர்களும் இறப்புப் பதிவேட்டையும் பரிசோதனைப் பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தனர். 2006இல் வந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது: 1979-80இல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீரர்களுக்கு 3.6 ஆக இருந்த திடீர் இதய மரணம் 2003-04இல் 0.4 ஆகக் குறைந்திருந்தது. அதாவது 89 விழுக்காடு குறைவு. பரிசோதனைக்கு உட்படாத, விளையாட்டில் ஈடுபடாத அதே வயதினரிடம் மரண விகிதம் மாறவே இல்லை. தசை நோய்களால் வரும் மரணமே பெரிதும் குறைந்தது.

இதற்குக் கொடுத்த விலையையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. பதுவா விளையாட்டு மருத்துவ மையத்தில் 1982 முதல் 2004 வரை சோதிக்கப்பட்ட 42,386 பேரில் 3,914 பேர் மேல்சோதனைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 879 பேர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர். நூறு பேருக்கு ஒன்பது பேர் கவலையோடு காத்திருந்து, இரண்டு பேர் விளையாட்டை இழந்தார்கள். விலக்கப்படாமல் ஆடியிருந்தாலும் அப்படி விளையாட்டை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடுதான் இருந்திருப்பார்கள். யார் விதிவிலக்கு என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. தசைத் தடிப்பு நோய் கண்டு விலக்கப்பட்ட பதுவா வீரர்கள் 22 பேரைச் சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தபோது ஒருவர்கூட இறக்கவில்லை என்பதும் அதே மையத்தின் பதிவு.

எதிர்வாதங்கள்

இஸ்ரேல் 1997இல் ஈ.சி.ஜி.யையும் டிரெட்மில் சோதனையையும் கட்டாயமாக்கியது. சட்டத்துக்கு முன்னும் பின்னும் மரண விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. இத்தாலியக் கணக்கின் தொடக்க ஆண்டுகளில் விகிதம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததால் வீழ்ச்சி மிகையாகத் தெரிகிறது என்பது அமெரிக்க விமர்சகர்களின் வாதம். ஈ.சி.ஜி. கட்டாயமில்லாத மினசோட்டா மாநிலத்து விகிதமும் வெனெட்டோவின் பிற்கால விகிதமும் நெருங்கியே இருந்தன. அமெரிக்க இதயச் சங்கம் 14 அம்சங்கள் கொண்ட வரலாறு, உடல் சோதனையைப் பரிந்துரைக்கிறதே தவிர எல்லாருக்கும் ஈ.சி.ஜி. என்பதை ஏற்கவில்லை. ஐரோப்பிய இதயவியலாளர்களின் அமைப்போ ஈ.சி.ஜி.யை ஆதரிக்கிறது.

இவற்றுள் மிக நேர்மையான பாடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1996 முதல் 2016 வரை அங்குள்ள கால்பந்துச் சங்கம் சராசரி 16 வயதுள்ள 11,168 வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு எக்கோவும் எடுத்தது. சஞ்சய் சர்மா தலைமையிலான குழு 2018இல் வெளியிட்ட முடிவின்படி, 42 பேருக்கு உயிராபத்தான நோய்கள் கண்டறியப்பட்டன. பின்னர் 8 பேர் இதய நோயால் திடீரென இறந்தனர். அந்த எட்டில் ஆறு பேருக்குப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. சோதனைக்கும் சாவுக்கும் இடைவெளி சராசரியாக 6.8 ஆண்டுகள். இறந்தவர்களில் ஏழு பேருக்கு இருந்தது தசை நோய். பதினாறு வயதில் தெளிவாக இருந்த இதயத்தில் இருபதைத் தாண்டிய பிறகு நோய் தலைகாட்டலாம் என்பதுதான் இதன் பொருள். ஒரே ஒரு முறை எடுத்து, சான்றிதழைக் கோப்பில் வைத்துவிடும் பரிசோதனைக்கு மதிப்புக் குறைவு.

ஈ.சி.ஜி.யைப் படிக்கும் முறை இதற்கிடையே வெகுவாகத் திருந்தியது. 2013இல் சியாட்டில் நெறிமுறையும் 2017இல் சர்வதேச நெறிமுறையும் பயிற்சியால் வரும் மாற்றங்களை நோய்க்குறியிலிருந்து பிரித்துக் காட்டின. பதினாறு வயதுக்குக் கீழே முதல் மூன்று நெஞ்சுத் தடங்களில் டி-அலை தலைகீழாக இருப்பது இயல்பு. பக்கவாட்டுத் தடங்களில் இருந்தால் எந்த வயதிலும் விசாரிக்க வேண்டும். இந்த நெறிகளால் தவறான எச்சரிக்கைகள் முன்னைவிடப் பல மடங்கு குறைந்தன. படிக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் இந்த ஆதாயம் கிடைக்கும். முகாம் போட்டு ஆயிரம் பேருக்கு ஈ.சி.ஜி. எடுத்து, இயந்திரம் அச்சிட்ட ஆங்கில வரியை அப்படியே அறிக்கையாகக் கொடுப்பது பிள்ளைகளுக்கு நன்மை செய்வதில்லை.

பரிசோதனை நடக்கும் விதம்

பாதி வேலை கேள்விகளிலேயே முடிகிறது. ஓடும்போது மயங்கி விழுந்தது உண்டா? நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத படபடப்பு, கூட ஓடுபவர்களைவிட அதிக மூச்சிரைப்பு உண்டா? வெயிலில் நெடுநேரம் நின்று மயங்குவது பெரும்பாலும் தீங்கற்றது. ஓட்டத்தின் நடுவே விழுவது அப்படியல்ல. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பிள்ளை மறுபடி ஓடக் கூடாது.

குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென இறந்தவர்கள் உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த யாராவது கிணற்றிலோ ஆற்றிலோ மூழ்கி இறந்தார்களா? வலிப்பு என்று சொல்லி இறந்தவர் யார்? தூக்கத்திலேயே போனவர் உண்டா? நீண்ட க்யூ-டி நோயின் ஒரு வகை நீச்சலின்போது தாக்கும் இயல்புடையது. அப்படி இறந்தவர் நீரில் மூழ்கியதாகவே ஊரில் பேசப்பட்டிருப்பார். இதற்கெல்லாம் அப்பாவைவிட ஆச்சிகளிடம் சரியான பதில் கிடைக்கும். சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பிறவியிலேயே காது கேளாத பிள்ளை ஓடும்போதோ பயந்தாலோ மயங்கினால், செவியையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கும் ஒரு பரம்பரை நோய் இருக்கலாம்.

உடல் சோதனையில் மருத்துவர் பையனைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்கிறார். பிறகு சட்டென்று எழுந்து நிற்கச் சொல்கிறார். எழுந்ததும் இரைச்சல் கூடினால் தசைத் தடிப்பு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். தீங்கற்ற இரைச்சல்கள் பொதுவாக அப்போது குறையும். உயரத்தைவிடக் கைவிரிப்பு நீளமாக இருப்பதும், விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருப்பதும் பெருந்தமனியைக் கிழிக்கக்கூடிய மார்ஃபன் நோயின் அடையாளங்கள். ஈ.சி.ஜி.க்கு நெஞ்சு திறந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் திரை மறைப்பும் பெண் பணியாளரும் இல்லாத இடத்தில், கூச்சத்தால் ஒட்டுமுனைகளை மேலே தள்ளி ஒட்டிவிடுகிறார்கள். முதல் இரண்டு நெஞ்சு முனைகள் ஒரு விலா இடைவெளி ஏறினாலே இல்லாத நோய் தாளில் தெரியலாம்.

களத்தில்

எந்தப் பரிசோதனையும் எல்லாரையும் பிடிக்காது என்றால், விழுந்தவரை எழுப்பும் ஏற்பாடு மைதானத்திலேயே இருக்க வேண்டும். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் அப்போது இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக ஆடியவர். உலகின் மிகக் கறாரான பரிசோதனை முறையைக் கடந்தவர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 43ஆவது நிமிடத்தில் அவர் இதயம் நின்றது. உடனே நெஞ்சை அழுத்தியதும் மின்னதிர்ச்சி கொடுத்ததும் அவரைக் காப்பாற்றின. அமெரிக்காவில் இந்த மின்னதிர்ச்சியைக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி வைத்திருந்த 1,710 உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், இதயம் நின்ற மாணவ வீரர்கள் 14 பேரில் 9 பேர் பிழைத்தனர். அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு குறைகிறது.

இந்தியாவில் 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் அடித்த தருணத்தில் எதிரணிக் கோல்கீப்பருடன் மோதிச் சரிந்து இறந்தார். மைதானங்களில் அவசர மருத்துவ ஏற்பாடு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது.

விழுந்த முதல் நிமிடத்தில் நடக்கும் தவறு ஒன்று நம் ஊர்களில் மிகச் சாதாரணம். இதயம் நின்றவரின் கைகால்கள் சிறிது நேரம் வெட்டி இழுக்கும், வாய் திறந்து மூச்சுத் திணறும். கூடியிருப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். யார் மீதும் மோதாமல் ஒரு வீரர் விழுந்து, அழைத்தால் பதிலில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் அடுக்கி, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். டிஃபிப்ரிலேட்டர் வந்ததும் இயக்கினால் அதுவே துடிப்பைப் படித்து, தேவையென்றால் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும். உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் இந்தப் பயிற்சி கொடுப்பது ஈ.சி.ஜி. முகாமைவிடச் செலவு குறைந்தது. அதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

நோய் தெரிந்த பிறகு

முன்பு நோய் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. இன்று அப்படியில்லை. உல்ஃப்-பார்க்கின்சன்-வொய்ட் நோயில் தொடைவழியே குழாய் செலுத்திக் கூடுதல் மின்தடத்தைச் சுட்டுவிட்டால் பெரும்பாலோர் முழுமையாகத் திரும்புகிறார்கள். உடலுக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டு விளையாடிய 372 பேரைக் கவனித்து 2013இல் வெளியான பதிவில், விளையாட்டின்போது ஒருவர்கூட இறக்கவில்லை. இத்தாலியில் அக்கருவியோடு ஆட அனுமதி இல்லாததால் எரிக்சன் இன்டர் அணியை விட்டு இங்கிலாந்து போனார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்குக்காகக் கோலும் அடித்தார். ஆபத்தைத் தெளிவாக விளக்கிவிட்டு வீரரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பதே இப்போது பல நாடுகளில் வழக்கம். வலது கீழறை நோயில் மட்டும் கடும் போட்டியைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்களே அதிகம், ஏனெனில் அங்கே ஆட்டமே நோய்க்குத் தீனி.

ஒருவருக்கு நோய் உறுதியானாலோ ஒருவர் இறந்தாலோ உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானின் மட்சுயே நகரில் ஆட்டத்தின் நடுவே மாற்று வீராங்கனை இறங்க, பெஞ்சில் அமர்ந்த நிலையில் இறந்தார். மாரடைப்பு என்றே முதலில் நினைத்தார்கள். உடலைத் திறந்து பார்த்தபோதுதான் மார்ஃபன் நோயால் பெருந்தமனி கிழிந்தது தெரிந்தது. அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அதே ஆபத்து இருந்தது. இதய அறுவை சிகிச்சை செய்தார்கள். இளம் வீரர் இறந்தால் பிரேதப் பரிசோதனையில் இதயத்தைத் தனியே ஆராயவும், மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்கவும் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தசைத் தடிப்பு நோயாளியின் நெருங்கிய உறவினரில் சிறுவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் திரும்ப எடுக்கப்படுகின்றன.